காய்ச்சல் போன பிறகு

முனியம்மாவுக்குக் காலையில் கண் விழிப்பதென்றாலே பயம். விழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்கமாட்டாள். முதலில் கால் விரல்களை அசைத்துப் பார்ப்பாள். பிறகு கையைத் தூக்கிப் பார்ப்பாள். கை லேசாக எழுந்துவிட்டால் அன்றைக்கு எழுந்து உட்காரலாம், அடுப்பு மூட்டலாம். ஈர மணல் மூட்டைபோலக் கனத்துக் கிடந்தால் அன்றைய பொழுது பாயோடு போயிற்று. இரவெல்லாம் தூங்கியவளுக்கு, இரவெல்லாம் வலை இழுத்தவள்போல உடம்பு ஏன் வலிக்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை. கேட்பவர்களுக்கு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தரின் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. ஏரியின் மேற்குக் கரையில், பனைகளுக்கு அடியில் சிதறிக் கிடந்த குடிசைகளில் ஒன்று அவளுடையது. அந்த ஊர்ப் பெண்களுக்கு வலை கிடையாது. கைதான் வலை. கழுத்தளவு மூழ்கும்படி தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் தடவிக்கொண்டே நகர்ந்து, விரலில் தட்டுப்படும் இறாலைப் பிடித்துக் கூடையில் போடவேண்டும். பறி என்கிற அந்த ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் தண்ணீருக்குள் யாரும் பேசிக்கொள்வதில்லை. முனியம்மா முன்னால் போனால் பின்னால் வருகிறவர்களுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது என்று மற்றப் பெண்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். அது பொய்யில்லை. வெயில் ஏறுவதற்குள் பறி நிறைந்துவிடும். கரையேறி, அந்த ஈரச்சேலையோடு விறகு பொறுக்கப் போவாள்.

ஓர் ஐப்பசி மழையில் கரையோரத்து ஊர்களெல்லாம் காய்ச்சலில் விழுந்தன. முனியம்மாவும் விழுந்தாள். புருஷன் ரங்கனும், அவனுடைய தங்கை கஸ்தூரியும் விழுந்தார்கள். மார்கழி பிறப்பதற்குள் எல்லாரும் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார்கள். முனியம்மாவுக்கும் காய்ச்சல் விட்டது. ஆனால் காய்ச்சல் போகும்போது அவளுடைய பலத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பொங்கலுக்குச் சரியாகிவிடும் என்றார்கள். வெயில் வந்தால் சரியாகிவிடும் என்றார்கள். வெயிலும் வந்து போனது, அடுத்த மழையும் வந்தது.

எழுந்து நின்றால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். வெளிச்சம் கண்ணைக் குத்தும். கப்பல் வந்ததற்காகக் கோட்டையில் பீரங்கி வெடித்தால், ஏரியைத் தாண்டி வருகிற அந்தச் சத்தத்துக்கே உடம்பு நடுங்கி அடங்க வெகுநேரமாகும். பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை மறந்துபோகும். உப்பு என்று கேட்க வாயைத் திறப்பாள். அதற்கு என்ன பெயர் என்று தெரியாமல் கையை நீட்டிக் காட்டுவாள். இன்றைக்கு உப்பு, நாளைக்குப் புருஷன் பெயரே மறந்துவிட்டால்?

இதில் கொடுமை என்னவென்றால், பார்வைக்கு அவளிடம் ஒரு குறையும் தெரியாது. இளைக்கவில்லை. இருமவில்லை. கஸ்தூரி வாசலில் நின்று அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படியே சொல்வாள்.

"மூஞ்சியப் பாரு, எப்டி கீதுன்னு. சீக்காளி மூஞ்சியா அது? நான் தண்ணி தூக்கி, வெறகு வெட்டி, இறா புடிச்சு வந்து போடணும். அண்ணி படுத்துக்கினு ஓலையில எத்தினி ஓட்டை கீதுன்னு பாத்துக்கினு இருக்கணும்."

கஸ்தூரி கெட்டவள் இல்லை. சின்ன வயதிலேயே புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்தாள். முனியம்மாவுக்கு அது தெரியும். தெரிந்ததால் பதில் பேசமாட்டாள். படுத்தபடியே, இவள் என்றைக்குப் பொறுமை இழந்து, அண்ணியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடு என்று அண்ணனிடம் சொல்லப்போகிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். அம்மா வீடு என்று ஒன்று முனியம்மாவுக்கு இல்லை.

ரங்கன் தோணி வலிக்கிறவன். ஊரில் பிடித்த இறாலையும் நண்டையும் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போய் வருவான். பெண்டாட்டிமேல் அவனுக்குப் பிரியம் உண்டு. ஆனால் அவன் பிரியத்துக்குப் பொறுமை குறைவு. கஷாயம் கொண்டுவந்தான். பூசாரியைக் கூட்டிவந்தான். ஏதோ அண்டியிருக்கிறது என்று சொல்லிப் பூசாரி அவளை எல்லையம்மன் முன்னால் நிற்கவைத்து, உடுக்கை அடித்து, வேப்பிலையால் விளாசினான். அவ்வளவு நேரமும் விழாமல் நின்றாள். சபை நடுவில் விழுந்தால், பேய்தான் தள்ளுகிறது என்று இன்னும் நேரம் இழுப்பார்கள் என்ற பயத்திலேயே நின்றாள். பேய் ஓடிவிட்டது என்று பூசாரி சேவலை வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் முனியம்மா நன்றாகத்தான் இருந்தாள். அதற்கடுத்த நாள் படுத்தவள் பங்குனி முடியும்வரை எழவில்லை.

அந்தப் படுக்கையில்தான் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. உடம்பு உடனே பழிவாங்குவதில்லை. ஒரு நாள் சும்மா இருந்து, ஏமாற்றி, அதற்கடுத்த நாள் வந்து அடிக்கிறது. யோசித்துப் பார்த்தால் முன்பும் அப்படித்தான் நடந்திருந்தது. உடம்பு லேசாக இருந்த ஒரு நாளில் ஆசைப்பட்டு ஏரியில் இறங்கி, பறி நிறையப் பிடித்து வந்திருந்தாள். "பாத்தியா அண்ணி, மனசு வெச்சா முடியுது இல்ல?" என்று கஸ்தூரிகூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

அதன்பின் நல்ல நாள்தான் அவளுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. கெட்ட நாளில் செய்ய ஒன்றுமில்லை, கிடக்கவேண்டியதுதான். நல்ல நாளில்தான் எங்கே நிறுத்துவது என்ற கவலை. களைப்பு வந்தபிறகு நிறுத்தினால் அது தாமதம். களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்தவேண்டும். ஆனால் வராத களைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? பாதி முற்றம் பெருக்கிவிட்டு, இன்னும் தெம்பு இருக்கும்போதே துடைப்பத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். நெத்திலி காயவைக்கும்போது படுத்துக்கொண்டே பரப்புவாள். இப்படி இழுத்துப் பிடித்ததில் எழுந்து உட்காரும் நாட்கள் கொஞ்சம் கூடின. ஆனால் ஊரார் கண்ணில் அவள் முன்னைவிடப் பெரிய சோம்பேறியாகத் தெரிந்தாள்.

"நல்லாத்தானே கீற? ஏன் குந்திட்ட?" என்பாள் கஸ்தூரி.

"நல்லா கீறதாலதான் குந்திட்டேன்" என்பாள் முனியம்மா. அந்தப் பதில் கஸ்தூரிக்குக் கிண்டல்போலக் கேட்கும்.

அந்த நாட்களில்தான் ரங்கன் ஒரு காரியம் செய்துவைத்தான். பழவேற்காட்டில் அவன் நண்டு கொண்டுபோய்க் கொடுக்கும் வீடுகளில் ஒன்று, கிழக்கே மலாக்கா வரைக்கும் துணி அனுப்பும் ஒரு மரக்காயர் வீடு. அந்த வீட்டு அம்மாள் ஜைனம்பு. நாச்சியா என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள். காய்ச்சலுக்குப் பிறகு எழவே முடியாமல் கிடந்த தன் பெண்டாட்டி இப்போது எழுந்துவிட்டாள் என்று ரங்கன் அங்கே வேலையாட்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அது உள்ளே போயிற்று. மறுநாளே, உன் பெண்டாட்டியை அழைத்து வா என்று உத்தரவு வந்தது.

"எதுக்குய்யா?" என்று கேட்டாள் முனியம்மா.

"அவங்க பொண்ணு லத்தீபாவும் உன்னாட்டமே படுத்துக்கினு கீதாம். நீ எப்டி எழுந்தேன்னு ஒரு வார்த்த சொல்லணுமாம். அவ்ளோதான்."

"நான் எங்கய்யா எழுந்தேன்?"

"இப்ப குந்திக்கினு கீற இல்ல? அத்த சொல்லு."

போகாமலிருந்தால் அந்த வீட்டுக்கு நண்டு கொடுப்பது நின்றுபோகும். போனால் தோணியில் வெயில், கரையிலிருந்து வீடுவரைக்கும் நடை, பெரிய வீட்டு மனிதர்கள் முன்னால் பேச்சு. எதற்கு எத்தனை நாள் படுக்கை என்று மனதுக்குள் கூட்டிப் பார்க்க முயன்றாள். கணக்கு கைக்கு அடங்கவில்லை. கடைசியில் போனாள். வழியில் விழுந்துவைத்தால் பிடித்துக்கொள்ளக் கஸ்தூரியையும் ரங்கன் ஏற்றிக்கொண்டான்.

தோணிக்குள் தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்தே வந்தாள். பழவேற்காட்டுத் துறையில் துணிப்பொதிகளை ஏற்றுகிறவர்களின் கூச்சல். தெருவெல்லாம் சாயம் காய்ச்சும் வாடை. அந்த வாடையும் இரைச்சலும் மண்டைக்குள் ஏறி இடித்தன. நடுவில் ஒரு தறிக்காரர் வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். கஸ்தூரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தத் தெருவில் நடக்கவா இத்தனை நாடகம் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

ஜைனம்பு நாச்சியா அவர்களை உள்முற்றத்தில் உட்காரவைத்து மோர் கொடுக்கச் சொன்னாள். உயரமான பெண். கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. சுற்றிவளைக்கவில்லை.

"போன வருசம் காய்ச்சல் வந்துச்சு. அதோட படுத்தவதான். ஹக்கீம் பார்த்தாரு, கோட்டை வைத்தியரும் பார்த்தாரு. நாடியில ஒண்ணுமில்லைங்கறாங்க. மாப்பிள்ளை மலாக்காவுல இருக்காரு. காத்து திரும்புனதும் கப்பல் போகுது, அதுல இவளை அனுப்பணும். கல்யாணத்துக்குப் பயந்துக்கிட்டு வேசம் போடுறான்னு வீட்டு ஆம்பளைங்க சொல்றாங்க." மகள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எனக்குச் சொல்லத் தெரியலை. நீ எழுந்துட்டியாமே. அவகிட்ட சொல்லு. எல்லாம் சரியாயிடும்னு உன் வாயால சொல்லு."

முனியம்மா தலையை ஆட்டினாள்.

லத்தீபாவின் அறை இருட்டாக இருந்தது. சன்னலில் கனத்த துணி. பதினேழு பதினெட்டு வயதுப் பெண், கண்மேல் மடித்த துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். காலடிச் சத்தத்துக்கே அவள் நெற்றி சுருங்கியதை முனியம்மா பார்த்தாள். அந்தச் சுருக்கம் அவளுக்குத் தெரியும். சத்தம் வராமல் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கஸ்தூரி சுவரோரம் சாய்ந்தாள். ஜைனம்பு வாசற்படியிலேயே நின்றாள்.

"உனக்குத்தான் சரியாயிடுச்சா?" என்று அந்தப் பெண் துணியை எடுக்காமலே கேட்டாள். குரல் காற்றுபோல வந்தது. "நிசமாவா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். ரங்கன் திட்டு வாங்கமாட்டான், நண்டு விற்கும், நாச்சியா சந்தோஷப்படுவாள். பிறகு இந்தப் பெண்ணை அலங்கரித்துக் கப்பலில் ஏற்றுவார்கள். ஆடுகிற கப்பலில், உப்புக்காற்றில், தெரியாத மனிதர்கள் நடுவில், எழுந்து நில் எழுந்து நில் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். முனியம்மாவுக்கு வாசலில் நிற்பவளைத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

"இல்ல கண்ணு" என்றாள். "சரியாவல."

வாசலில் வளையல் ஓசை கேட்டு நின்றது.

"இன்னிக்கு எழுந்து வந்தேன். நாளைக்கும் இப்டித்தான் இருப்பேன்னு நெனைக்கிறேன். அதுக்கு மக்யா நாளு எழுந்திருக்க மாட்டேன். எப்ப எழுந்திருப்பேன்னு எனக்குத் தெரியாது."

லத்தீபா துணியை விலக்கினாள். மங்கிய வெளிச்சத்தில் முனியம்மாவையே பார்த்தாள்.

"எனக்கும் அதே மாதிரிதான். தலை சீவிக்கிட்டா மறுநாளு ஒண்ணுமில்ல. அப்புறம் கையைத் தூக்க முடியலை. சொன்னா, தலை சீவுறதுக்கா இவ்வளவுன்னு சிரிக்கிறாங்க."

"ஒரே மூச்சா சீவாத. பாதி சீவிட்டு படுத்துக்கோ. மிச்சத்த பொழுது சாஞ்சி சீவு."

"பாதித் தலையோடவா?"

"பாதித் தலையோடதான். யாரு பாக்கப்போறா?"

அந்தப் பெண் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. அழுதாலும் களைத்துப்போகும் என்று தெரிந்தவள்போல உடனே உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். முனியம்மா அவள் பாதத்தைத் தொட்டாள். வேறெங்கே தொடலாம் என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் ஜைனம்பு கேட்டாள். "இதைச் சொல்லவா உன்னைக் கூப்பிட்டேன்?" குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பொய் சொன்னா கப்பல்ல ஏத்திடுவீங்க நாச்சியா. நடக்கச் சொன்னா பொண்ணு நடக்கும், பெரியவங்களுக்குப் பயந்து. அன்னிக்கு பாக்காதீங்க. ரெண்டாம் நாளு பாருங்க."

வேலைக்காரி வந்து வாசலைக் காட்டினாள்.

திரும்பும்போது ரங்கன் துடுப்பை ஆத்திரமாகத் தண்ணீரில் அடித்தான். "ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா உனுக்கு இன்னா கொறஞ்சிடும்?" முனியம்மா துணிக்குள் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனோ? அந்தப் பெண்ணுக்குத் தன்னுடைய நோய் இல்லாமல் வேறு ஏதாவது இருந்து, அது நாளைக்கே சரியாகிவிடக்கூடியதாக இருந்தால்? இருந்த நம்பிக்கையையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேனோ? கரை வந்து சேரும்வரை இதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் சொன்னபடியே எழுந்து அடுப்புப் பக்கம் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாள் கண்ணைத் திறக்க முடியவில்லை. தொண்டையில் கட்டி கட்டியாக வீங்கியது. கூழ்ச்சட்டியை உதட்டருகே கொண்டுபோனால் விழுங்கவே மூச்சு வாங்கியது. யாராவது பேசினால் கண்ணீர் வழிந்தது. அழுகை இல்லை, வெறும் நீர்.

கஸ்தூரி முதலில் முணுமுணுத்தாள். பிறகு முணுமுணுப்பு நின்றது. ஒரு பிற்பகல் பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"நான் கூடவேதானே இருந்தேன் அண்ணி. நீ ஒண்ணும் செய்யலியே. தோணியில படுத்துக்கினு வந்தே. குந்திக்கினு பேசினே. அவ்ளோதானே செஞ்சே."

முனியம்மா இமையை மட்டும் அசைத்தாள்.

"அதுக்கா இது?"

கஸ்தூரி எழுந்துபோய் வாசலுக்கு ஓலைத்தட்டி கட்டினாள், வெளிச்சம் உள்ளே விழாதபடி. அன்றைக்கு அவள் அம்மியில் அரைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு எடுத்துப்போய் அரைத்து வந்தாள்.

காற்று திரும்பியது. கோட்டைப் பீரங்கி வெடித்தது. கப்பல் போய்விட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது. லத்தீபா அதில் போனாளா இல்லையா என்று கேட்க முனியம்மாவுக்கு வாய் வரவில்லை. ரங்கனும் அந்த வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தான். கேட்காமலேயே இருந்தால் போனது, போகாதது இரண்டுமே நடக்காததுபோல இருக்குமே என்று அவள் நினைத்தாள். ஆனாலும் ஒவ்வொரு நாளும் அதே நினைப்புதான் வந்து நின்றது.

ஒரு நாள் மூடுதோணி ஒன்று ஊர்க்கரையில் வந்து நின்றது. அதுவரை அந்த ஊர் அப்படிப்பட்ட தோணியைப் பார்த்ததில்லை. கஸ்தூரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அண்ணி, நாச்சியா வந்துகீறாங்க."

முனியம்மா எழப் பார்த்தாள், முடியவில்லை. திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சுவர்ப்பக்கம் ஒடுங்கினாள். ஜைனம்பு குனிந்து குடிசைக்குள் நுழைந்தாள். துணை வந்த வேலைக்காரியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, வெறும் மண்தரையில் உட்கார்ந்தாள். கிடக்கிறவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்கு வந்ததாலயா இது?"

கஸ்தூரிதான் சொன்னாள். "ஆமாம்மா. அதுலதான்."

ஜைனம்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தபோது லத்தீபா பட்டு உடுத்தி முற்றத்தில் நடந்து காட்டினாளாம். எல்லாருக்கும் சலாம் சொன்னாளாம். வேசம் கலைந்தது என்று ஆண்கள் சிரித்தார்களாம். "நான் மட்டும் ரெண்டாம் நாளுக்குக் காத்திருந்தேன். வந்துச்சு. தண்ணி குடிக்கக்கூடத் தலையைத் தூக்கலை. அவளைக் கப்பல்ல ஏத்தமாட்டேன்னு சொல்லிட்டேன். வீட்டுல இன்னும் என்கூடப் பேசலை. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேற இடம் பாத்துட்டாங்க."

அவள் கண் கலங்கவில்லை. ஆனால் முழங்காலைக் கட்டியிருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"நான் மருந்து கேட்டு வரலை. ரெண்டாம் நாளுக்கு அப்புறம் என்ன செய்யணும்? அதைச் சொல்லு."

முனியம்மா வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தாள். பேசவைக்காதீங்க. சன்னலைத் திறக்காதீங்க. உப்புப் போட்ட கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமா. எப்ப எழுந்திருப்பேன்னு பொண்ணுகிட்ட கேக்காதீங்க.

"எப்ப எழுந்திருப்பா?" என்று ஜைனம்பு கேட்டுவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதெல்லாம் நடந்தபிறகும் பல வருடங்கள் உயிரோடிருந்தாள் முனியம்மா. லத்தீபாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. வீட்டுக்குள் நடமாடும் அளவுக்கு வந்தாள், அதற்குமேல் இல்லை. உள்ளூரிலேயே ஒரு மாமன் மகன் அவளைக் கட்டிக்கொண்டான். முனியம்மாவுக்கு அவ்வளவுகூடத் தேறவில்லை. எப்போதாவது நல்ல நாள் வாய்த்து, மூடுதோணியும் வந்தால், அந்த இருட்டறைக்குப் போவாள். இருவரும் எதிரெதிர்ப் பாயில் படுத்துக்கொள்வார்கள். பேசமாட்டார்கள். எந்த நேரத்தில் யார் வந்து, எழுந்திரு என்று சொல்வார்களோ என்ற பயமில்லாமல் அவள் படுத்திருந்தது அந்த அறையில் மட்டும்தான்.

ஊரில் அந்தப் பயம் போகவில்லை. இறால் அதிகம் அகப்படும் நாட்களில் பெண்கள் கூட்டமாக வந்து, "முனியம்மா வர்லியா? நேத்து வாசல்ல பாத்தமே" என்று கேட்பார்கள். கஸ்தூரி இடுப்பில் பறியோடு குறுக்கே வந்து நிற்பாள்.

"நேத்து வாசலுக்கு வந்துச்சு இல்ல, அதனாலதான் இன்னிக்கு வர்ல. நீங்க இறங்குங்க, நான் வர்றேன்."

ஓலைத்தட்டிக்குப் பின்னால் படுத்தபடி முனியம்மா அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் குரலில் சலிப்பு ஏதாவது தட்டுகிறதா என்று, மூச்சை அடக்கிக்கொண்டு.